ஈஸ்டருக்குப் பெயர் கொடுத்த தெய்வம்: ஆங்கிலோ-சாக்சன் சமயம் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும்?

ஈஸ்டர் நெருங்கும்போதெல்லாம் ஒரு செய்தி கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. ஈஸ்டர் என்பது பழைய இங்கிலாந்தின் வசந்த தெய்வம் ஒருத்தியின் பெயராம். முட்டையும் முயலும் அவளுடைய சின்னங்களாம். கிறிஸ்தவர்கள் அவளுடைய திருவிழாவை அப்படியே எடுத்துக்கொண்டார்களாம். சில பதிப்புகளில் பாபிலோனியாவின் இஷ்தாரும் வந்து சேர்ந்துகொள்கிறாள். மறுப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. அப்படி ஒரு தெய்வமே கிடையாது, எல்லாம் கட்டுக்கதை என்று பதிலுக்கு இன்னொரு செய்தியைச் சுற்றவிடுகிறார்கள்.

இந்தச் சண்டைக்கு ஆதாரமாக இருப்பது ஒரு துறவி எழுதிய ஒரே ஒரு வாக்கியம். அதை எடைபோட வேண்டுமானால் அவர் யாரைப் பற்றி எழுதினார், எப்போது எழுதினார், அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

யார் இவர்கள்?

கி.பி. 410 வாக்கில் பிரிட்டனில் ரோமானிய ஆட்சி முடிவுக்கு வந்தது. அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் கரையோரங்களிலிருந்து ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்கள் என்ற மக்கள் கடல் கடந்து வந்து குடியேறினார்கள். கென்ட், எசெக்ஸ், மெர்சியா, நார்தம்பிரியா எனப் பல சிற்றரசுகள் எழுந்தன. இவர்கள் பேசிய மொழியே பழைய ஆங்கிலம்.

597இல் போப் கிரிகோரி அனுப்பிய அகஸ்டின் என்ற துறவி கென்ட் கரையில் இறங்கினார். (இறையியல் நூல்களில் வரும் வட ஆப்பிரிக்க அகஸ்டின் வேறு, அவர் இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இறந்துவிட்டார்.) 686இல் வைட் தீவு கைப்பற்றப்பட்டதோடு கடைசிச் சிற்றரசும் கிறிஸ்தவத்துக்குள் வந்தது. ஆக, பிரிட்டன் மண்ணில் இந்தப் பழைய சமயம் அரசர்களின் சமயமாக நீடித்தது ஏறத்தாழ இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகள்தான்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. தெய்வங்களைப் பற்றிய கதைகள் தொன்மம். மக்கள் செய்த வழிபாடு, பலி, சடங்கு ஆகியவை சமயம். ஆங்கிலோ-சாக்சன் சமயத்துக்குச் சான்றுகள் கொஞ்சம் இருக்கின்றன. தொன்மத்துக்கு ஏறக்குறைய எதுவுமே இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன.

சான்றுகள் எங்கிருந்து வருகின்றன?

இம்மக்களிடம் ரூன் எழுத்து இருந்தது. ஆனால் அதை ஆயுதத்திலும் அணிகலனிலும் தாழியிலும் ஓரிரு சொற்கள் பொறிக்கவே பயன்படுத்தினார்கள். நூல் எழுதும் வழக்கம் திருச்சபையோடுதான் வந்தது. ஆகவே பழைய சமயத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒவ்வொரு பத்தியும் அதை விட்டு வந்தவர்கள் அல்லது அதை ஒழிக்க விரும்பியவர்கள் எழுதியது. கையில் இருப்பவை இவை:

1. பீட் என்ற துறவியின் நூல்கள். 725இல் காலக்கணிதம் பற்றியும், 731இல் ஆங்கிலேயர்களின் திருச்சபை வரலாறு பற்றியும் எழுதி முடித்தார். ஏழு வயதில் மடத்தில் ஒப்படைக்கப்பட்டவர். அவர் பிறந்தபோது அவருடைய நார்தம்பிரியா மதம் மாறி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருந்தது. பழைய சடங்கு எதையும் அவர் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பு குறைவு.

2. ஊர்ப் பெயர்கள்.

3. புதைகுழிகள், அகழாய்வுப் பொருள்கள்.

4. 10, 11ஆம் நூற்றாண்டு ஏடுகளில் எஞ்சிய மருத்துவ மந்திரங்கள்.

5. அரச வம்சாவளிப் பட்டியல்களும் சட்டங்களும். ஒரு செயலைத் தடைசெய்யும் சட்டம், அதை யாரோ செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

பேவுல்ஃப் என்ற 3,182 அடிக் காவியம் இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்கலாம். அதை எழுதியவர் கிறிஸ்தவர். கதை நடப்பது ஸ்காண்டிநேவியாவில். பழங்கால ஈமச்சடங்குகளின் நினைவு அதில் உண்டு. ஆனால் இவர்களுடைய தெய்வங்களான வோடன், துனோர் என்ற பெயர்கள் ஓரிடத்தில்கூட வருவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. ஒற்றைக் கண், தோளில் இரண்டு காகங்கள், எட்டுக்கால் குதிரை ஆகியவற்றோடு திரைப்படங்களில் நாம் பார்க்கும் தெய்வம் ஸ்காண்டிநேவியர்களின் ஓடின். அந்த வருணனைகளுக்கு அடிப்படை, 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் எழுத்துக்கு வந்த கதைகள். இங்கிலாந்து மதம் மாறி அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு தீவில், வேறொரு கிளைமொழியில் எழுதப்பட்டவை. வோடன், ஓடின் இரண்டு பெயர்களும் ஒரே வேரில் பிறந்தவை என்பதில் ஐயமில்லை. அதற்காக ஓடினின் கதைகளையெல்லாம் வோடன் தலையில் ஏற்றிவிட முடியாது.

கிழமைகளுக்குள் இருப்பவர்கள்

ஆங்கிலக் கிழமைப் பெயர்கள் நான்கில் நான்கு தெய்வங்கள் இருக்கிறார்கள். டியூஸ்டே டீவின் நாள், வெட்னெஸ்டே வோடனின் நாள், தர்ஸ்டே துனோரின் நாள், ஃபிரைடே ஃபிரிக்கின் நாள்.

இந்த வரிசை தமிழ் வாசகருக்கு எளிதில் பிடிபடும். காரணம், ஏழு கோள்களை ஏழு நாள்களுக்கு வைக்கும் வழக்கம் மத்தியதரைக்கடல் உலகில் உருவாகி இரண்டு திசையிலும் பரவியது. கிழக்கே இந்தியாவுக்கு வந்தபோது அது செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி ஆயிற்று. மேற்கே ரோமானியர்களிடம் அதே கோள்கள் மார்ஸ், மெர்க்குரி, ஜூபிட்டர், வீனஸ் என்ற தெய்வப் பெயர்களில் இருந்தன. அவர்களை அடுத்து வாழ்ந்த ஜெர்மானிய மக்கள் அந்த வாரத்தை வாங்கிக்கொண்டு, ரோமானியத் தெய்வம் ஒவ்வொன்றுக்கும் தங்களிடம் யார் இணை என்று பார்த்துப் பெயரை மாற்றினார்கள். மார்ஸுக்குப் போர்த் தெய்வம் டீவ், இடியை வைத்திருக்கும் ஜூபிட்டருக்கு இடியின் பெயரையே கொண்ட துனோர், வீனஸுக்கு ஃபிரிக். சனிக்கு மட்டும் பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை போலும். சாட்டர்ன் என்ற ரோமானியப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து தெரிவது ஒன்று உண்டு. வோடனுக்கு இணையாக அவர்கள் வைத்தது தேவர்களின் அரசனான ஜூபிட்டரை அல்ல, மெர்க்குரியை. மெர்க்குரி வழிப்போக்கர்களுக்கும் வணிகர்களுக்கும் உரியவன், இறந்தவர்களை மறுஉலகுக்கு அழைத்துச் செல்பவன். வோடனிடம் அவர்கள் கண்ட குணமும் அந்த வகையில்தான் இருந்திருக்க வேண்டும்.

‘புதன்’ என்ற சொல்லும் ‘வோடன்’ என்ற சொல்லும் ஒன்றே என்ற வாதம் அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஒலி ஒற்றுமை தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை. வோடன் என்பது வெறி, ஆவேசம் என்ற பொருளுடைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்த பெயர். உண்மையான உறவுகள் வேறிடத்தில் இருக்கின்றன. டீவ் என்ற பெயரும் ‘தேவ’ என்ற வடசொல்லும் ஒரே மூலச் சொல்லின் பிள்ளைகள். ஃபிரிக் என்ற பெயர் ‘பிரியா’ என்பதற்கு உடன்பிறப்பு. இவை மொழிக்குடும்ப உறவுகள். ஒரே வழிபாடு இரண்டு நாடுகளிலும் நடந்தது என்பதற்கு இவற்றைச் சான்றாகக் காட்டக்கூடாது.

தெய்வங்களைப் பற்றி வேறென்ன தெரியும்?

வோடனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். பெரும்பாலான அரச குலங்கள் தங்கள் வம்சாவளியை வோடனிலிருந்து தொடங்கின. எசெக்ஸ் அரசர்கள் மட்டும் சாக்ஸ்னேட் என்ற தெய்வத்திலிருந்து. கிறிஸ்தவம் வந்த பிறகும் இந்தப் பட்டியல்களை யாரும் கிழித்தெறியவில்லை; வோடனை ஒரு பழைய மன்னனாக்கி, அவனுக்கு முன்னோர்களைச் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் வெசெக்ஸ் பட்டியல் ஒன்று நோவா வழியாக ஆதாமில் போய் நின்றது. பழைய கௌரவமும் போகக்கூடாது, புதிய வேதத்துக்கும் முரண்படக்கூடாது. அரண்மனைப் புலவர்களுக்கு இது எந்த நாட்டிலும் கைவந்த கலைதான்.

பழைய ஆங்கிலக் கவிதைகளில் வோடன் தெய்வமாக வருவது இரண்டே இடங்களில். ஒன்று வசை: வோடன் சிலைகளைச் செய்தான், எல்லாம் வல்லவர் வானங்களைச் செய்தார் என்கிறது ஒரு நீதிப்பாடல். மற்றொன்று ஒன்பது மூலிகை மந்திரம். ஊர்ந்து வந்த பாம்பை வோடன் ஒன்பது ‘புகழ்க் குச்சி’களால் அடிக்க, அது ஒன்பது துண்டாகச் சிதறியது என்று அது சொல்கிறது. ஆங்கிலோ-சாக்சன்களின் சொந்தத் தெய்வக் கதை என்று காட்டும்படி நம் கையில் இருப்பது இந்தச் சில வரிகள்தான். அதுவும் நஞ்சுமுறிவுக்கான மருந்துக் குறிப்பு ஒன்றின் நடுவே தப்பிப் பிழைத்தது.

ஊர்ப் பெயர்கள் இன்னும் உறுதியான சாட்சிகள். வெட்னெஸ்பரி வோடனின் கோட்டை. தண்டர்ஸ்லி துனோரின் சோலை. வார்விக்‌ஷயரில் உள்ள டைசோ, டீவின் பெயரைத் தாங்கிய மேட்டுநிலம். பழைய ஆங்கிலத்தில் கோயிலுக்கு ‘ஹெயார்க்’ என்றும் ‘வேயோ’ என்றும் பெயர்கள் உண்டு. முதலாவது சொல்லிலிருந்து வந்ததுதான் லண்டனின் ஹாரோ. நேரு பள்ளியில் படித்த ஊர்; இன்று இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழும் பகுதி. 767ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று அந்த இடத்தைக் ‘குமெனிங்கர்களின் கோயில்’ என்று குறிப்பிடுகிறது. குமெனிங்கர்கள் யார் என்பதற்கு அந்தப் பெயரைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை.

மாதங்களும் ஈயோஸ்ட்ரேயும்

இனி அந்த ஒரு வாக்கியத்துக்கு வரலாம். காலக்கணித நூலின் 15ஆம் அதிகாரத்தில் பீட் தம் முன்னோரின் மாதப் பெயர்களை விளக்குகிறார். அவர்களுடையது நிலவின் மாதக் கணக்கு. பருவத்தோடு ஒத்துப்போக அவ்வப்போது கோடையில் ஓர் அதிக மாதம் சேர்ப்பார்கள். பிப்ரவரி தெய்வங்களுக்குப் பணியாரம் படைக்கும் மாதம். மே, பசுக்களிடம் நாளொன்றுக்கு மூன்று வேளை பால் கறக்கும் மாதம். நவம்பர் ‘பலி மாதம்’. குளிர்காலத்துக்கு முன் அறுக்கப்போகும் கால்நடைகளைத் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடுவார்கள். ஆண்டு தொடங்குவது டிசம்பர் 25 அன்று. அந்த இரவுக்கு ‘அன்னையர் இரவு’ என்று பெயர். அன்றிரவு முழுவதும் அவர்கள் செய்த சடங்குகளால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்று ‘ஊகிக்கிறோம்’ என்கிறார் பீட். தமக்குத் தெரியாததை ஊகம் என்றே சொல்லும் நேர்மை அவரிடம் இருந்தது.

ஏப்ரலுக்கு ஈயோஸ்டுர்மோனத் என்று பெயர். ஈயோஸ்ட்ரே என்ற தெய்வத்தின் பெயரால் அது வழங்கியது, அம்மாதத்தில் அவளுக்கு விழா எடுத்தார்கள், இப்போது அதே பெயரால் பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தை அழைக்கிறார்கள் என்பது பீட் தரும் செய்தி. அவ்வளவுதான். அவள் எப்படி இருந்தாள், என்ன செய்தாள், எங்கே கோயில் என்று ஒரு சொல்லும் இல்லை. இதிலிருந்து எதுவரை போகலாம் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. பீட் இவளைக் கற்பனை செய்தாரா? கிறிஸ்தவத்தின் தலையாய திருவிழாவுக்குப் பழைய தெய்வத்தின் பெயர் என்று ஒரு துறவி வலிந்து கதை கட்ட வேண்டிய தேவை புலப்படவில்லை. ஆனால் மாதப் பெயரைக் கேட்டுவிட்டு, அதற்குப் பின்னால் ஒரு தெய்வம் இருந்திருக்கும் என்று அவரே ஊகித்திருக்கலாம் என்ற ஐயம் நெடுநாள் இருந்தது.

2. அந்த ஐயத்தை வலுவிழக்கச் செய்தது ஒரு கண்டுபிடிப்பு. 1958இல் ஜெர்மனியின் ரைன் பகுதியில், மோர்க்கன்-ஹார்ஃப் என்ற ஊரருகே ரோமானியர் காலத்து நேர்த்திக்கடன் கல்வெட்டுகள் 150க்கு மேல் கிடைத்தன. ‘ஆஸ்ட்ரியாஹெனே’ என்ற அன்னைத் தெய்வங்களுக்குப் பொறித்தவை. பெயரின் வேர் ஈயோஸ்ட்ரேயின் வேரோடு ஒத்துப்போகிறது. அதே தெய்வம் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பெயரில் தெய்வங்கள் இருந்தது நடப்புக்குப் புறம்பானதல்ல என்று சொல்லலாம்.

3. பெயரின் பொருள்: விடியல், கிழக்கு என்பவற்றோடு தொடர்புடைய சொல். ரிக் வேதத்தின் உஷஸ் இதற்கு மொழிவழி உறவு. இஷ்தாருக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. அது முற்றிலும் வேறொரு மொழிக்குடும்பத்துப் பெயர்.

4. முயலும் முட்டையும்: பீட் சொல்லவில்லை; வேறு எந்தப் பழைய ஆங்கில ஏடும் சொல்லவில்லை. முட்டை கொண்டுவரும் ஈஸ்டர் முயல் 17ஆம் நூற்றாண்டு ஜெர்மன் குறிப்புகளில் தலைகாட்டுகிறது. முயலைத் தெய்வத்தோடு முடிச்சுப்போட்டது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர்களின் ஊகம். முட்டைக்கு எளிய விளக்கம் உண்டு: தவக்காலத்தில் முட்டை உண்ணத் தடை இருந்தது. கோழிகளுக்கு அந்தத் தடை தெரியாது. நாற்பது நாள் சேர்ந்த முட்டை ஈஸ்டர் அன்று இலைக்கு வந்தது.

5. விழா யாருடையது? ஆங்கிலேயர்கள் கிறிஸ்தவத்தைப் பற்றிக் கேள்விப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மத்தியதரைக்கடல் நாடுகளில் பாஸ்கா கொண்டாடப்பட்டு வந்தது. அதன் வேர் யூதர்களின் பாஸ்கா விழா. இன்றும் பிரெஞ்சு, இத்தாலியம், கிரேக்கம் முதலிய மொழிகளில் அந்தப் பெயர்தான். தமிழ்க் கத்தோலிக்கர்களும் பாஸ்கா என்கிறார்கள். ஈஸ்டர் என்ற பெயர் ஆங்கிலத்திலும், அதன் உறவுப் பெயர் ஜெர்மனிலும்தான்.

ஆக, பெயரை ஈயோஸ்ட்ரே தந்திருக்கலாம். திருவிழாவை அவள் தரவில்லை.

தாழி, கப்பல், மாட்டுத் தலை

நார்ஃபோக்கில் உள்ள ஸ்பாங் ஹில் இடுகாட்டில் மட்டும் எரியூட்டப்பட்ட 2,000க்கும் மேற்பட்டவர்களின் சாம்பல் தாழிகளில் கிடைத்திருக்கிறது. எரிப்பதும் புதைப்பதும் அருகருகே நடந்திருக்கின்றன. மறுமை பற்றி ஒரே கோட்பாடு இருந்ததாகத் தோன்றவில்லை.

1939இல் சஃபோக்கின் சட்டன் ஹூ மேட்டில் வெளிப்பட்ட கப்பல் புதைகுழி எல்லாவற்றிலும் பெரியது. 27 மீட்டர் நீளக் கப்பல். மரம் மக்கிப்போய், ஆணிகளும் மணலில் அதன் அச்சும் மட்டும் எஞ்சியிருந்தன. உள்ளே தங்கம், வாள், முகமூடித் தலைக்கவசம். அந்தக் கவசத்தின் ஒரு புருவத்தில் கார்னெட் என்ற செந்நிறக் கற்களுக்கு அடியில் தங்கத்தகடு வைத்திருக்கிறார்கள். மறு புருவத்தில் வைக்கவில்லை. தீப்பந்த வெளிச்சத்தில் ஒரு கண் மட்டும் மங்கித் தெரியும். ஒற்றைக்கண் வோடனை நடித்துக்காட்டத்தான் இப்படிச் செய்தார்கள் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் கவசம் பழுதுபார்க்கப்பட்டதும் காரணமாக இருக்கலாம்.

அதே குழியில் சவுலோஸ், பவுலோஸ் (கிறிஸ்தவத் திருத்தூதர் பவுலின் இரு பெயர்கள்) என்று கிரேக்க எழுத்தில் பெயர் பொறித்த இரண்டு வெள்ளிக் கரண்டிகளும் இருந்தன. புதைக்கப்பட்டவர் கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் ரெட்வால்டு என்பது பலரின் கணிப்பு. பீட் இவரைப் பற்றிக் கசப்போடு எழுதுகிறார்: கென்டில் திருமுழுக்கு பெற்று ஊர் திரும்பியவர், ஒரே கோயிலுக்குள் கிறிஸ்துவுக்கு ஒரு பீடமும் பேய்களுக்குச் சின்னதாக இன்னொரு பீடமும் வைத்துக்கொண்டாராம். பீட் பார்வையில் இது துரோகம். ரெட்வால்டுக்கு, இருக்கும் தெய்வங்களோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வதில் ஒரு முரணும் தெரிந்திருக்காது.

நார்தம்பிரியாவின் யீவரிங்கில் நடந்த அகழாய்வில், ஒரு மரக் கட்டடத்தின் சுவரோரம் மாட்டுத் தலைகள் குவிந்த குழி கிடைத்தது. பலியிட்ட மாடுகளாக இருக்கலாம். இதற்கு எழுத்தில் ஒரு துணைச் சான்றும் உண்டு. அடுத்து அதைப் பார்க்கலாம்.

மதமாற்றம் எப்படி நடந்தது?

601இல் போப் கிரிகோரி இரண்டு கடிதங்கள் எழுதினார். கென்ட் அரசர் எத்தல்பெர்ட்டுக்கு எழுதியதில், சிலை வழிபாட்டை ஒழியுங்கள், கோயில்களை இடித்துத்தள்ளுங்கள் என்றார். சில வாரங்கள் கழித்து, இங்கிலாந்துக்குப் பயணமாகிக்கொண்டிருந்த மெலிட்டஸ் என்ற துறவிக்கு எழுதியதில் மனம் மாறிவிட்டது. கோயில்களை இடிக்க வேண்டாம். சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்து ஆலயமாக்குங்கள். பேய்களுக்கு மாடு வெட்டும் வழக்கம் இருக்கிறதல்லவா, அதையே திருநாள்களில் ஆலயத்தைச் சுற்றிக் கிளைகளால் பந்தல் போட்டு, இறைவனுக்கு நன்றி சொல்லி, விருந்தாக உண்ணட்டும். உயரத்துக்கு ஏறுகிறவன் படிப்படியாகத்தான் ஏறுவான், ஒரே தாவலில் அல்ல என்பது அவர் சொன்ன காரணம்.

‘கிறிஸ்தவம் எல்லாவற்றையும் திருடிக்கொண்டது’ என்பவர்கள் மெலிட்டஸ் கடிதத்தை மட்டும் காட்டுகிறார்கள். எத்தல்பெர்ட் கடிதத்தையும் சேர்த்துப் படித்தால் தெரிவது, அவசரமாக மாற்றிக்கொள்ளப்பட்ட ஓர் உத்தி. கட்டளை எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்பது தனிக் கேள்வி. கோயிலின் மேல் ஆலயம் எழுந்ததாக ஐயமின்றிக் காட்டும் அகழாய்வுச் சான்று இதுவரை மிக அரிது.

627இல் நார்தம்பிரிய அரசர் எட்வின் சபையைக் கூட்டி, மதம் மாறலாமா என்று கேட்டபோது நடந்ததாகப் பீட் சொல்லும் காட்சி புகழ்பெற்றது. தலைமைப் பூசாரி கோய்ஃபி முதலில் எழுந்தார். ‘நம் தெய்வங்களுக்கு என்னைவிட உழைத்தவர் யாரும் இல்லை. ஆனால் என்னைவிட அதிகப் பரிசும் பதவியும் மற்றவர்களுக்கே உங்களிடம் கிடைக்கின்றன. தெய்வங்களுக்குச் சக்தி இருந்தால் எனக்கல்லவா உதவியிருக்கும்?’ என்பது அவர் வாதத்தின் சாரம். பூசாரி ஆயுதம் ஏந்தக்கூடாது, பெட்டைக் குதிரையில்தான் ஏற வேண்டும் என்று விதி இருந்தது. கோய்ஃபி அரசரிடம் ஈட்டியும் ஆண் குதிரையும் வாங்கிக்கொண்டு குட்மன்ஹாம் கோயிலுக்குப் போய், ஈட்டியை உள்ளே எறிந்து தீட்டுப்படுத்தி, தீ வைக்கச் சொன்னார்.

நூறாண்டு கழித்து எழுதப்பட்ட இந்தக் காட்சியில் பீடின் கைவண்ணம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனாலும் பூசாரியின் விதிகளைப் பற்றிய அந்தச் சிறு தகவலை அவர் இட்டுக்கட்டக் காரணம் தெரியவில்லை. ஆங்கிலோ-சாக்சன் பூசாரிகளின் நியமங்கள் பற்றி நமக்குத் தெரிந்த மிகத் தெளிவான செய்தி, அந்தக் கோயிலை அழித்த கதைக்குள்தான் இருக்கிறது.

எஞ்சியவை

பெரிய தெய்வங்கள் போன பிறகும் சிறியவை நெடுநாள் இருந்தன. எல்ஃப் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அம்பெய்தால் திடீர்க் குத்துவலி வரும் என்று நம்பினார்கள். அதற்கு மந்திரமும் மருந்தும் ஏட்டில் உண்டு. கிறிஸ்தவ அரசர்களில் பெரியவரான ஆல்ஃபிரட்டின் பெயருக்கே ‘எல்ஃப்களின் அறிவுரை’ என்றுதான் பொருள். விளையாத நிலத்துக்கு ஒரு சடங்கு: வயலின் நான்கு மூலையிலும் புல்லோடு மண்கட்டி வெட்டி, எண்ணெய், தேன், பால், தீர்த்தம் தெளித்து, ஆலயத்தில் பூசை வைத்து, திரும்பவும் வயலில் பதிப்பார்கள். பிறகு ஏரைப் பூட்டி ‘எர்க்கே, எர்க்கே, எர்க்கே, மண்ணின் தாயே’ என்று அழைப்பார்கள். எர்க்கே யார் என்பது ஆலயத்தில் பூசை வைத்த குருவானவருக்கே தெரிந்திருக்குமா என்பது ஐயம்.

793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கிய வைக்கிங்குகள் பிறகு இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்களோடு தோரும் ஓடினும் வந்தார்கள். 1016 முதல் 1035 வரை ஆண்ட டேனிய அரசர் கனூட்டின் சட்டம், சிலைகளை, சூரியனை, நிலவை, நெருப்பை, வெள்ளத்தை, ஊற்றுகளை, கற்களை, காட்டு மரங்களை வணங்கக்கூடாது என்று பட்டியலிட்டுத் தடைசெய்கிறது. அகஸ்டின் கரையிறங்கி நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தத் தடை தேவைப்பட்டிருக்கிறது. அந்த ஊற்றுகளில் கும்பிட்டவர்கள் வோடனைக் கும்பிட்டவர்களின் பேரர்களா, நேற்றுக் கப்பலில் வந்தவர்களா என்று சட்டம் எழுதியவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.